இரண்டு விரல் நீளம்

ஃபோபோர், 1955 மே 4

அன்புத் தம்பி வீகோவுக்கு அக்கா ரிக்மோர் எழுதுவது. இங்கே அப்பா, நான், பட்டறை ஆள் ஏகோன், எல்லோரும் நலம். நீ நலமா என்று தெரிந்துகொள்ள ஆசைதான். அதற்கு நீ பேனாவைத் தொட வேண்டுமே.

கிரீன்லாந்துக்கு இந்த வருடத்தின் முதல் கப்பல் கிளம்புகிறதாம். அதில் போகட்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். நீ போய் இரண்டு வருடம் ஆகப் போகிறது. அப்பா கோபன்ஹேகன் நாற்காலிக் கண்காட்சியை இன்னும் மறக்கவில்லை. நேற்று ஒரு பாதிரியார் சாப்பாட்டு மேசைக்கு நாற்காலி பார்க்க வந்தார். "கை கொஞ்சம் குட்டையா இருந்தா மேசைக்கு அடியில தள்ளிடலாமே" என்றார் பாவம். அப்பா இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"மேசைக்கு அடியில போய்ப் படுக்க அது என்ன நாய்க்குட்டியா?"

பாதிரியார் போய்விட்டார். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். கண்காட்சிக்குப் போன நாற்காலியின் கையில் அவரைக் கேட்காமல் நீ இரண்டு விரல் நீளம் அறுத்ததே என் யோசனைதான் என்பதுபோல. நீ கேட்காமல் அறுத்தது ஒரு தப்பு. நடுவர்கள் அந்தக் குட்டைக் கையைத்தான் பாராட்டினார்கள் என்பது அவருக்கு அதைவிடப் பெரிய தப்பு.

அடுத்த கோடையில் உன் ஒப்பந்தம் முடிகிறது. திரும்பி வருகிறாயா, இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடுகிறாயா? இதை மட்டும் சுற்றி வளைக்காமல் எழுது. உன் ரம்பம் உன் ஆணியிலேயே தொங்குகிறது. ஏகோன் ஒரு முறை அதை எடுத்தான். "அது இருக்கிற இடத்துல இருக்கட்டும்" என்றார் அப்பா.

குளிரில் காதை மூடிக்கொள். 
ரிக்மோர்

*

ஊமனாக், 1955 ஜூன் 15

அன்புள்ள அக்கா, நலம். காதை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் நலம் என்று படித்ததில் மகிழ்ச்சி. எல்லோரும் என்பதில் அவரும் அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே மரம் என்று ஒன்று கிடையாது. முழங்கால் உயரத்துக்குக்கூட இல்லை. வீடுகள் கப்பலில் பலகை பலகையாக எண் போட்டு வருகின்றன. எண்ணைப் பார்த்து அடிக்க வேண்டியதுதான் என் வேலை. ஒரு பலகை குறைந்தாலும் மேலாளர் பாங் கணக்குக் கேட்பார். ஆகவே பட்டறைக்காரன் மகன் காபிப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வீட்டு எலியாஸ், சீல் வேட்டைக்காரர், தினமும் வந்து அதே கேள்வியைக் கேட்கிறார். "நாற்காலி செய்யத் தெரியும்னே. எங்கப்பா, ஒண்ணையும் காணோம்?"

நம் நாற்காலி ஒன்று அனுப்பு. ஓக், வளைந்த முதுகு, முறுக்கிய காகிதக் கயிற்றில் நீ பின்னும் இருக்கை. கை குட்டையாக இருக்கட்டும். எனக்கென்று அவரிடம் சொல்லாதே.

ஒப்பந்தம் பற்றிக் கேட்டாய். பாங் இப்போதே தாளை நீட்டுகிறார். ஆனால் அங்கே பட்டறைக்காரர் வாயால் 'வா' என்று ஒரே ஒரு சொல் வந்தால் வருவேன். நானாக வந்து கதவைத் தட்ட மாட்டேன். அந்தச் சொல் வராவிட்டால் இந்தப் பனியும் ஒன்றும் மோசமில்லை.

வீகோ

*

ஃபோபோர், 1955 ஜூலை 22

அன்புத் தம்பிக்கு, எல்லோரும் நலம். நீ பெட்டிமேல் உட்கார்ந்து இடுப்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாயா?

மூன்று மணிக் காபியின்போது பேச்சை எடுத்தேன். கிரீன்லாந்திலிருந்து ஒரு நாற்காலிக்குக் கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

"அங்க எதுக்கு நாற்காலி? சீல் உக்காரவா?" என்றார் அப்பா. ஏகோன் காபிக்குள் சிரித்தான்.

"பேரு?"

பொய் சொல்ல எனக்கு வராது. சொன்னேன். அப்பா கையிலிருந்த ரொட்டியை முழுதாகத் தின்று முடித்தார். மீசையைத் துடைத்தார்.

"வரிசையில நிக்கட்டும். முன்னால பள்ளிக்கூட வேலை இருக்கு."

"கை குட்டையா வேணுமாம்ப்பா."

"நீளமாத்தான் இருக்கும். பிடிக்கலைன்னா அந்தக் காபிப் பெட்டி மேலயே உக்காரட்டும்."

பெட்டியைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் கடிதத்தைச் சமையலறை அலமாரியில் வைத்திருந்தேன், அவ்வளவுதான். ஆக, படித்துவிட்டார். அந்த ஒரு சொல்லையும் படித்திருப்பார். அதைச் சொல்லச் சொல்லி நான் கேட்க மாட்டேன். கேட்டால் சாகும்வரை சொல்ல மாட்டார், உனக்கே தெரியும். ஆனால் சாயங்காலம் மரக்கிடங்கில் அவர் மட்டும் நின்று ஓக் பலகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட நாற்காலிக்கு அவ்வளவு புரட்ட மாட்டார்.

ரிக்மோர்

*

ஊமனாக், 1955 ஆகஸ்ட் 28

அக்கா, நலம். நீயும் நலமாக இரு. என் கடிதங்களை இனி மாவு டப்பாவுக்குள் வை.

நீளக் கையோடுதானே? வரட்டும். நான்கு கையோடு வேண்டுமானாலும் வரட்டும். ஆனால் ஒன்று சொல்லிவிடு. நான் அதைக் கவிழ்த்துப் பார்க்கப் போவதில்லை.

உனக்குச் சிரிப்பாக இருக்கும். நம் ஆட்கள் கல்யாண வீட்டில்கூட நாற்காலியைக் கவிழ்த்து அடியைப் பார்த்துவிட்டுத்தான் சூப்புக்கு உட்காருகிறவர்கள். பார்க்காமல் உட்கார்ந்தால் செய்தவனை மதிக்கவில்லை என்று அர்த்தம். அந்த அர்த்தம்தான் எனக்கும். மேலே உட்காருவேன். அடியைப் பார்க்க மாட்டேன். இதை அவர் காதில் போடு.

அடுத்த கோடைவரை முடிவெடுக்க நேரம் இருக்கிறது. முடிவெடுக்க வேண்டியவர் நான் இல்லை.

வீகோ

*

ஃபோபோர், 1955 செப்டம்பர் 30

அன்புத் தம்பிக்கு, நான் நலம். ஏகோனும் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

பனி பிடிப்பதற்கு முன் இதுதான் கடைசித் தபால் என்றார்கள். உன் நாற்காலி இதில் வரவில்லை. மரவேலை முடிந்துவிட்டது, இருக்கை பின்னவில்லை. இங்கே கொஞ்சம் வேலை அதிகமாகிவிட்டது. பட்டறை வாசற்படியை ஏகோன் பெயர்த்துவிட்டான். தடுக்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் ஒரு கட்டில் போட்டிருக்கிறோம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எதற்கென்று கேட்காதே. நாற்காலி முதல் கப்பலில் வரும். அது உன் கைக்கு வரும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே.

வேறு எழுதுவதற்கு இல்லை. 
ரிக்மோர்

*

ஃபோபோர், 1955 நவம்பர் 20 
(தபாலில் சேர்க்காதது)

வீகோ, இங்கே நலமில்லை. ஒரு முறையாவது அதை எழுதிப் பார்க்கிறேன்.

செப்டம்பரில் அப்பா உன் நாற்காலியின் முதுகுக் கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தாள் கையிலிருந்து நழுவியது. குனிந்தார், எடுக்க வரவில்லை. வலது கையும் வலது காலும் போய்விட்டன. வாய் கோணிவிட்டது. பேச்சு மெல்லத் திரும்பியது. புரிகிற மாதிரி அவர் சொன்ன முதல் வாக்கியம், "இத வீகோவுக்கு எழுதாதே" என்பதுதான்.

"ஏம்ப்பா, அவன் உங்க பிள்ளை இல்லையா?"

"பாவம் பாத்து வரக் கூடாது. நொண்டியப் பாக்க வர்றவன் எனக்கு வேணாம். சத்தியம் பண்ணு."

பண்ணிவிட்டேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, நான் வேறு என்ன செய்ய?

பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே கிடந்தார். எனக்குப் பயமாக இருந்தது. நான் வேலையைக் கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து போட்டுக்கொண்டு பின்னினேன். யுத்தத்தின்போது கோரை கிடைக்காமல் முதன்முதலாகக் காகிதக் கயிறு வாங்கினோமே, அப்போது அவர் என்ன குதி குதித்தார்! "காகிதம் மீன் கட்டறதுக்கு. மனுஷன் உக்காரவா?" என்றார். பின்னல் வேலை பொம்பளை வேலை என்று பட்டறையில் அந்த மூலைப் பக்கமே வந்ததில்லை. அந்த மனிதர் ஒருநாள் இடது கையை நீட்டிக் கயிற்று நுனியைப் பிடித்தார். "குடு இங்க" என்றார். ஒரு வரிசை இழுத்தார். கோணலாக வந்தது, பிரித்தார். மறுபடி இழுத்தார்.

பள்ளிக்கூட நாற்காலி ஒன்றைக் கொடுத்தேன். வேண்டாமாம். "அவனோடதக் கொண்டா."

நாற்காலியை நான் முழங்காலில் இடுக்கிப் பிடிக்கிறேன், அவர் பின்னுகிறார். ஒரு வரிசைக்கே வியர்த்துவிடுகிறது. கயிறு தீர்ந்தால் அடியில் முடிச்சுப் போட வேண்டுமே, அதற்கு அவருக்குத் தெரிந்தது ஒரே முடிச்சுதான். கெர்ட்டமின்டயில் மீன் பிடித்த அவருடைய அப்பா வலைக்குப் போட்ட முடிச்சு. இடது கையால் போடுவதால் அதுவும் திரும்பிக்கொண்டு நிற்கிறது. தப்பாக இருக்கிறது என்றேன். "அவன் பாக்கப் போறதில்லையே" என்றார். நீ சொல்லச் சொன்னதை நான் சொல்லியிருந்தேன், புத்தி கெட்டவள்.

ஆனால் வேறொன்றும் எனக்குத் தோன்றுகிறது. எழுதக் கூடாது என்றுதானே சத்தியம். நாற்காலியை அனுப்பக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

இதை அடுப்பில் போடுவதா, மாவு டப்பாவில் போடுவதா என்று பிறகு பார்க்கிறேன்.

*

ஊமனாக், 1956 மார்ச் 12

அன்புள்ள அக்கா, நலம். சூரியன் திரும்பி வந்துவிட்டது. இந்தக் கடிதம் உன்னிடம் வர இன்னும் மாதங்கள் ஆகும், ஆனாலும் எழுதி வைக்கிறேன். உன் கடைசிக் கடிதம் ஒரு மாதிரி இருந்தது. சளி பிடித்ததா? அவர் நலமா என்று நான் கேட்கப் போவதில்லை. ஓக் மரத்துக்குச் சளி பிடித்து நான் பார்த்ததில்லை.

குளிர்காலம் முழுக்க யோசித்தேன். அந்தச் சொல் வரவில்லை, இனியும் வராது. கோடையில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். நீ கேட்டுக்கொண்டபடி நாற்காலி வரும்வரை பொறுப்பேன். நாற்காலிக்கும் கையெழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. உட்கார்ந்து போடலாம் என்பதற்காகவா?

கோபித்துக்கொள்ளாதே. உன்னை விட்டுவிட்டு இருப்பது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. 
வீகோ

*

ஃபோபோர், 1956 மே 6

அன்புத் தம்பிக்கு, நான் நலம். உன் முகத்தைப் பார்த்து மூன்று வருடம்.

நாற்காலி கப்பல் ஏறிவிட்டது. சாக்கு சுற்றி, வைக்கோல் வைத்து ஏகோன் கட்டினான். எண்ணெய் எதையும் பூசிவிடாதே, மஞ்சளடித்துப் போகும். சோப்புத் தூளை வெந்நீரில் கரைத்துத் துடை, ஓக் வெளுப்பாக இருக்கும். கை நீளம்தான், சொன்னேனே. இருக்கையில் சில குறைகள் தெரியலாம். பின்னலைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்காதே, என்னால் பதில் எழுத முடியாது.

நீ கவிழ்த்துப் பார்க்க மாட்டேன் என்றாய். சரி, உன் இஷ்டம். ஆனால் வீகோ, வீம்பு பிடித்தவர்கள் இந்த வீட்டில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

ரிக்மோர்

*

ஊமனாக், 1956 ஜூலை 3

அன்புள்ள அக்கா, நான் நலம். மற்றவர்கள் நலத்தைப் பற்றி நீ செப்டம்பரிலிருந்து எழுதவில்லை என்பதை இப்போதுதான் கடிதங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன்.

நாற்காலி வந்தது. எலியாஸ் குடும்பத்தோடு வந்து ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்த்தார்கள். அவர் மனைவி எழுந்திருக்கவே இல்லை, காபியை அங்கேயே கொடுக்க வேண்டியதாயிற்று. பின்பக்கம் இடது மூலையில் கொஞ்சம் தொய்வு தெரிந்தது. உனக்கு வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். கவிழ்க்கவில்லை.

நேற்று பாங் ஒப்பந்தத் தாளோடு வந்தார். உட்காருங்கள் என்றேன். அவரும் நம் நாட்டுக்காரர்தானே. தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாற்காலியைத் தூக்கிக் கவிழ்த்தார்.

"என்னய்யா இது, உங்க பட்டறைச் சரக்கா? முடிச்செல்லாம் தலைகீழா நிக்குதே. மீன் வலை மாதிரி போட்டிருக்கு."

நான் போய்ப் பார்த்தேன். சின்ன வயதில் ஃபோபோர் படகுத் துறையில் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த முடிச்சு. உனக்கு வராது, ஏகோனுக்குத் தெரியாது. அந்த முடிச்சு இடது கையால் போடப்பட்டிருந்தது. ஒன்றிரண்டு இடத்தில் பல்லால் கடித்து இழுத்த தடம்கூட இருந்தது. பின்னல் மூலைப் பக்கமே வராத மனிதர் இழைப்புளியை வைத்துவிட்டு எதற்காகப் பின்ன உட்கார்ந்தார், அதுவும் இடது கையால்? வாசற்படியை ஏன் பெயர்த்தீர்கள், ஜன்னல் பக்கம் யாருக்குக் கட்டில் என்பதெல்லாம் வரிசையாகப் புரிந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னய்யா, உடம்பு சரியில்லையா?" என்றார் பாங். "கையெழுத்த நாளைக்குப் போட்டுக்கலாம்."

போடவில்லை. யார் பின்னியது என்று உன்னிடம் கேட்கவும் மாட்டேன். நீ யாருக்கோ ஏதோ வாக்குக் கொடுத்திருக்கிறாய், அதைக் காப்பாற்று. பாவம் பார்த்து நான் வந்தால் அவர் என் முகத்தில் விழிக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் கீழே இருப்பதைப் பட்டறைத் தலைவருக்கு உரக்கப் படித்துக் காட்டு. என் அழுகையை அவரிடம் சொல்லாதே.

"மதிப்பிற்குரிய லவுரிட்ஸ் பிராண்ட் அவர்களுக்கு, வாடிக்கையாளரின் புகார். தங்கள் பட்டறை அனுப்பிய நாற்காலியில் இருக்கை இடது பின்மூலையில் தொய்கிறது. முடிச்சுகள் வலை பின்னுபவன் போட்டவைபோல் உள்ளன. பின்னியவர் புதுக் கை என்று தெரிகிறது. அவர் வேலையை நிறுத்த வேண்டாம், பழகினால் நன்றாக வருவார். ஆனால் நாற்காலியின் கை இரண்டு விரல் நீளம் அதிகம். மேசைக்கு அடியில் போகவில்லை. இதை நான் ஏற்பதற்கில்லை. நாற்காலியோடு நேரில் வந்து முறையிடலாமா என்று பட்டறை தெரிவிக்க வேண்டும். கடைசிக் கப்பல் அக்டோபர் கடைசியில் புறப்படுகிறது. வீகோ பிராண்ட்."

*

ஃபோபோர், 1956 ஜூலை 29

அன்புத் தம்பிக்கு, நான் நலம். இந்த முறை உண்மையாகவே.

காபி நேரத்தில் படித்தேன். உன் புகாரை மட்டும்தான். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். 'பழகினால் நன்றாக வருவார்' என்ற இடத்தில் ஏகோன் எழுந்து வெளியே போய்விட்டான்.

"தொய்யுதாமா? எங்க?"

"இடது பின்மூலையிலப்பா."

"அங்க நீதான் பிடிச்சிருந்தே. உன் பிடி சரியில்ல." பழியை என் தலையில் போட்டுவிட்டார்! அந்தப் பழியைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

பிறகு "அடியப் பாத்துட்டானா?" என்று கேட்டார். பார்த்துவிட்டான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். தாளும் பென்சிலும் கொண்டுவரச் சொன்னார். நான் எழுதுகிறேன் என்றேன். "உன் பிடி சரியில்லைன்னு இப்பதானே சொன்னேன்" என்று என்னையும் வெளியே விரட்டினார். கதவுக்குப் பின்னால் தாள் கிழிபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இருட்டுகிற நேரத்தில்தான் கதவைத் திறக்கச் சொன்னார். உறையை ஒட்டிக் கொடுத்தார். என்ன எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இதோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

ரிக்மோர்

*

(உறைக்குள், பென்சிலில், பெரிய கோணல் எழுத்துகளில்)

வீகோவுக்கு,

புகார் கிடைத்தது. நீ நலம் என்று ரிக்மோர் சொன்னாள்.

பின்னல் என்னுடையது. முடிச்சு வலை முடிச்சுதான், அவிழாது. தொய்வுக்குக் காரணம் உன் அக்கா.

நாற்காலியின் கையை என்னால் இப்போது அறுக்க முடியாது. ஏகோனை அறுக்க விட மாட்டேன். உன் ரம்பத்தை இறக்கிக் கூர் தீட்டச் சொல்கிறேன்.

இரண்டு விரல் அறுத்துக்கொள். அதற்கு மேல் ஒரு மயிரிழை கூடாது.

வா.

அப்பா